நாம் அப்லோடு செய்யும் சான்றிதழ்கள் எங்கே போகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேர்க்கைக் காலம் வந்தாலே எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், கட்டணம் எவ்வளவு என்று உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வருகிறது. நல்லது, நானும் படிக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தோடு நாம் அப்லோடு செய்கிற மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் அப்புறம் எங்கே போய் உட்காருகின்றன என்று எங்கும் பேச்சே இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் மகளுக்காக ஒரு கல்லூரியின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். சாதிச் சான்றிதழை ஏற்றியதும் 'பார்க்க' என்று ஒரு லிங்க் வந்தது, சரியாக ஏறியிருக்கிறதா என்று அழுத்தினேன், ஏறியிருந்தது. மேலே முகவரியைப் பார்த்தால் கடைசியில் 1047, ஒரு புள்ளி, பிடிஎஃப். பதினைந்து வருடமாக இணையச் செயலிகள் எழுதுவதே என் பிழைப்பு என்பதால் கை தானாக 7-ஐ அழித்துவிட்டு 6 போட்டது. யாரோ ஒரு பெண்ணின் சான்றிதழ் திறந்தது. பெயர், அப்பா பெயர், தெரு, ஊர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. உடனே மூடிவிட்டேன். அப்புறம் என் மனைவியின் போனில், எந்த லாகினும் இல்லாமல், எங்கள் லிங்க்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். அதுவும் திறந்தது. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தால், 'சாஃப்ட்வேர் பண்ணிக் கொடுத்தவங்களைக் கேளுங்க சார்' என்றார்கள். அதை அடைக்க இரண்டு வாரம் ஆனது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இணையச் செயலி எதுவானாலும் அதில் இரண்டு வகை ஃபைல்கள் உண்டு. லோகோ, பக்கத்தின் நிறங்களையும் எழுத்தையும் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இவையெல்லாம் ஒரு வகை. நிரல் எழுதுகிறவர் வைப்பவை, யார் பார்த்தாலும் பாதகமில்லை, ஸ்டேட்டிக் ஃபைல் என்போம். இன்னொன்று மக்கள் ஏற்றுகிற ஃபைல்கள். இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில்தான் நான் தினமும் புழங்குகிறேன், அதில் முதல் வகைக்கு ஸ்டேட்டிக், இரண்டாவதற்கு மீடியா என்று தனித்தனி இடமே உண்டு. கிளவுடுக்கு, அதாவது பெரிய நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் சேமிப்பிடத்துக்கு, மாற்றும்போதுதான் பலர் இரண்டையும் ஒரே பக்கெட்டில் கொட்டிவிடுகிறார்கள். (அமேசானின் எஸ்3 சேவையில் ஃபைல்களை வைக்கும் இடத்துக்கு பக்கெட் என்றுதான் பெயர்.) லோகோ எல்லோருக்கும் தெரிய வேண்டும், அதனால் பக்கெட்டையே பொதுவாகத் திறந்துவிடுகிறார்கள், லோகோவோடு சேர்ந்து பிள்ளைகளின் சான்றிதழும் தெருவுக்கு வந்துவிடுகிறது.

அதற்காக கிளவுடே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கிளவுடில் வைக்காமல் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்குச் செயலி எழுதியபோது, ஏற்றப்படும் போட்டோக்களை நிரல் இருக்கும் அதே சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் சேமித்தேன். அப்புறம் அதை ஒரு புதுச் சேவைக்கு மாற்றினோம். நிரலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய சர்வரை அதிலிருக்கும் ஃபைல்களோடு தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புவது அந்தச் சேவையின் வழக்கம், நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சின்னத் திருத்தம் ஒன்றைப் போட்டேன். டேட்டாபேஸ் தனியாக இருந்ததால் பெயர்ப் பட்டியல் அப்படியே இருந்தது, போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாக உடைந்த சதுரங்கள். முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து திரும்ப அனுப்பச் சொன்னோம். சிலர் போனை எடுக்கவே இல்லை.

கிளவுடில் இந்தக் கவலை இல்லை. 2006 மார்ச்சில் வந்த எஸ்3 ஒரு ஃபைலைப் பல கருவிகளில் பிரித்து வைக்கிறது. ஒரு கோடி ஃபைல் வைத்தால் சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று தொலையலாம் என்பது அமேசானின் கணக்கு. செலவும் பெரிதில்லை. இரண்டாயிரம் மாணவர்கள், ஆளுக்கு எட்டு ஆவணம், ஒவ்வொன்றும் அரை எம்பி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8 ஜிபி. மும்பையில் வைத்தால் ஒரு ஜிபிக்கு மாதம் இரண்டேகால் ரூபாய் அளவுதான், ஆக மாதம் சுமார் இருபது ரூபாய், ஃபைலை எடுத்துக் கொடுக்கும் கட்டணம் தனி. அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஹைதராபாத்திலும் இடம் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் சென்னையிலேயே வைத்திருக்கிறது, நம் பிள்ளைகளின் மார்க் ஷீட் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஃபைல் தொலையாது என்று அவர்கள் சொல்வது, கருவி கெட்டாலும் தொலையாது என்ற அர்த்தத்தில்தான். யாராவது உள்ளே புகுந்து அழித்தால் அழிந்ததுதான். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவர் நுழைந்து ஃபைல்களையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார், அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. பேக்கப்பும் அதே கணக்கில் இருந்ததுதான் வினை. பழைய பிரதிகளைக் காக்கும் வெர்ஷனிங்கை இயக்கி, இன்னொரு பிரதியை வேறு கணக்கில் வைக்க வேண்டும்.

இனி அந்தத் திறந்த பக்கெட் விஷயம். 2018 நவம்பரில் அமேசான் இதற்கென்றே ஒரு பூட்டு கொண்டுவந்தது, 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட் எல்லாமே பூட்டியபடிதான் பிறக்கிறது. அதற்கு முன்னால் திறந்து வைத்தவை அப்படியே கிடக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளும், படம் வராமல் 'அனுமதி இல்லை' என்ற செய்தி வந்ததும் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துப் பூட்டைக் கழற்றிவிடுகிறார்கள். சரியான வழி கஷ்டமே இல்லை. ஸ்டேட்டிக் ஃபைலுக்கு ஒரு பக்கெட், அது பொதுவாக இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு சிடிஎன் (ஃபைல்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துப் பக்கத்திலிருந்தே தரும் சேவை) வைத்தால் ரிசல்ட் வரும் நாளில் சர்வரும் திணறாது. மக்கள் ஏற்றுவதற்கு வேறு பக்கெட், முழுக்கப் பூட்டியது. பார்க்க உரிமை உள்ளவர் லாகின் செய்து கேட்டால் மட்டும், சற்று நேரத்தில் காலாவதியாகும் கையொப்பமிட்ட லிங்க் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும். ஜாங்கோ-ஸ்டோரேஜஸ் என்ற இலவச மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது, நாம் மாற்றாவிட்டால் அந்த லிங்க் ஒரு மணி நேரம்தான் வேலை செய்யும். லிங்க் நீளமாக, அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் கையொப்ப வசதியை ஒரே வரியில் நிறுத்தி வைத்திருப்பதை நானே பல இடங்களில் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஃபைல் பெயரையும் 1046, 1047 என்று வரிசையாக வைக்காமல், ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவையாக வைக்கலாம், ஆனால் அது மட்டும் பூட்டாகிவிடாது.

பிளஸ் டூ முடித்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு 17 வயதுதான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவர்களைக் குழந்தை என்றே சொல்கிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் அதில் இருக்கிறது. செயலி எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள் என்று கல்லூரிகள் கை கழுவ முடியாது, சான்றிதழைக் கேட்டு வாங்கியது அவர்கள்தான்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் ஏற்றிய சான்றிதழின் லிங்க்கை நகலெடுத்து, மறுநாள், லாகின் செய்யாத இன்னொரு போனில் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தக் கல்லூரிக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள், வாயால் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. எண்ணை மாற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம், அது மற்றவர் வீட்டுப் பிள்ளையின் விஷயம்.

அடுத்த சேர்க்கைச் சிறப்புப் பக்கத்தில் இதற்கு ஒரு கால் பக்கமாவது ஒதுக்கித் தாருங்கள். படத்தோடு எளிமையாக எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
இணையச் செயலி எழுதும் வாசகர்,
கோவை.