பேட்டரி காருக்கு '48 வோல்ட்' என்று எழுதினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவில்களில் முதியோருக்காக விட்ட பேட்டரி கார்கள் பாதி நாள் ஓடாமல் நிற்கின்றன என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான்.

போன மாதம் ஒரு கோவிலில் கூப்பிட்டார்கள். எட்டு வோல்ட் ஆசிட் பேட்டரி ஆறையும் எடுத்துவிட்டு, உபயதாரர் ஒருவர் லித்தியம் பேக் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சார்ஜ் போட்டால் சார்ஜர் விளக்கு விடிய விடிய பச்சைக்கும் சிவப்புக்கும் மாறிக்கொண்டே இருந்ததாம். மூன்றே வாரத்தில் பி.எம்.எஸ். பலகை, அதாவது சார்ஜ் மிஞ்சினால் வெட்டிவிட்டு செல்களைக் காக்கிற பலகை போய், வண்டி படுத்துவிட்டது.

மூடியைத் திறந்து எண்ணினேன். 15 செல். பாஸ்பேட் வகை லித்தியம் செல் ஒன்று 3.2 வோல்ட், 15 என்றால் சரியாக 48. முழு சார்ஜில் செல்லுக்கு 3.65 வீதம் 54.75 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். கடைக்காரர் கொடுத்த சார்ஜரோ 58.4 வோல்ட், அதாவது 16 செல் பேக்குக்கு உரியது. வோல்ட் மிஞ்சும்போதெல்லாம் பி.எம்.எஸ். வெட்டி வெட்டிச் சேர்த்ததால்தான் விளக்கு மாறிக்கொண்டே இருந்தது. அந்த 16 செல் பேக் உண்மையில் 51.2 வோல்ட். ஆனால் கடையில் அதற்கும் பெயர் '48 வோல்ட்'தான்! கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார்.

கோவில் அலுவலகத்தில் இன்னொரு கேள்வி: "72 வோல்ட்டாகப் போட்டால் அதிக தூரம் ஓடுமா?" ஓடாது. தூரத்துக்கு வோல்ட்டையும் ஏ.ஹெச்.சையும் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பெருக்கிப் பார்க்க வேண்டும். 51.2 வோல்ட், 105 ஏ.ஹெச். பேக்கில் 5,376 வாட்-ஹவர் மின்சாரம் இருக்கிறது. 72 என்று விற்கும் 24 செல் பேக் 76.8 வோல்ட், அது 60 ஏ.ஹெச். என்றால் 4,608தான். வோல்ட் கூடினால் அதே இழுவைக்கு ஆம்பியர் குறையும், 78 இழுத்த இடத்தில் 52 போதும், வயர் சூடும் பாதிக்குக் கீழே இறங்கும். மேடு ஏறுகிற வண்டிக்கு நல்லதுதான். ஆனால் கண்ட்ரோலர், சார்ஜர், சில வண்டிகளில் மோட்டார் வரை மாற்ற வேண்டும். சமதரைப் பிரகாரத்தில் சுற்றுகிற வண்டிக்கு எதற்கு இந்தச் செலவு?

அப்புறம் மீட்டர். ஆசிட் பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க வோல்ட்டும் இறங்கும், பழைய முள் மீட்டர் அதைப் பார்த்துக் காட்டும். லித்தியத்தில் கடைசி வரை வோல்ட் பெரிதாக அசையாது. முள் முக்காலிலேயே நிற்கும், வண்டி திடீரென்று நின்றுவிடும். அப்படித்தான் தாயார் சன்னதிக்கு நூறடி முன்னால் நின்றது. "நான் நடந்தே வந்திருப்பேனே தம்பி" என்று இறங்கிப் போனார் ஒரு பாட்டி.

உபயம் செய்பவர்களும் டெண்டர் எழுதுபவர்களும் எத்தனை செல், எத்தனை ஏ.ஹெச்., சார்ஜர் எத்தனை வோல்ட்டில் நிற்கும், மீட்டர் லித்தியத்துக்கு உரியதா என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள்.

அந்தக் கோவிலில் பி.எம்.எஸ்.சும் சார்ஜரும் மாற்றியாகிவிட்டது. மீட்டருக்கு இன்னும் பணம் வரவில்லை. டிரைவர் எத்தனை சுற்று ஓடியது என்று ஷெட் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்.

இப்படிக்கு,
பேட்டரி மெக்கானிக் ஒருவர்,
திருச்சி.