மஹ்பூலாவிலிருந்து அம்மாவுக்கு

மஹ்பூலா, குவைத்
10-10-2025, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு உங்கள் சின்ன மகன் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். நீங்கள், அப்பா, அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் ரூமில் ஆறு கட்டில். நான் பேசுகிற எல்லாம் மற்றவர்கள் காதில் விழும். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார். அன்றைக்கு நீங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததை நினைத்து, ஏன் நமக்கு இப்படி என்று அழுதுகொண்டே கேட்டதற்கு, "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில். சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் லீவுக்குத் திருவனந்தபுரம் ஃப்ளைட்டில் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அக்காவை விட்டு அப்பாவுக்கும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில் என் பாடு. வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் 50 டிகிரியைத் தொடும். 2016-ல் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவாகியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெட்டவெளியில் ஆள் வைத்து வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் எங்களைப் போன்ற ஏசி மெக்கானிக்குகளுக்கு அதனால் வேலை குறையாது, விடியற்காலைக்கும் ராத்திரிக்கும் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இங்கே கோடையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே கொதிக்கக் கொதிக்க வரும், மொட்டைமாடித் தொட்டி அப்படிக் காய்ந்திருக்கும். அதனால் குளியலறை கீசரை அணைத்துப்போட்டு வைத்திருப்போம். கீசருக்குள் தேங்கி ஆறின தண்ணீர்தான் எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் வேண்டியவன் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். இதைக் கேட்டால் அப்பா சிரிப்பார்.

தூசிக் காற்று அடித்த மறுநாள்தான் எங்களுக்குத் திருவிழா. மாடியில் இருக்கிற ஏசி மெஷினின் காயில் குழாய்களில் முழுக்க மண் அப்பிக்கொள்ளும். சூடு வெளியே போக வழியில்லாமல் பிரஷர் ஏறி, கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். வீட்டுக்காரர் மெஷின் கெட்டுப்போச்சு என்று கத்துவார். கெட்டுப்போகவில்லை, கெட்டுப்போகாமல் இருக்கத்தான் நின்றிருக்கிறது. தண்ணீர் அடித்துக் கழுவினால் தேரி மண் கலரில் ஒழுகும். தெளிகிறவரை கழுவிவிட்டு ரீசெட் பட்டனை அழுத்தினால் ஓடும். இதை வைத்து நம்ம சபை ஐயர் அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணிவிடுவார், நான் பண்ண மாட்டேன்.

சம்பளம் இரண்டு மாசம் நின்றிருந்தது, ஒரு மாசத்துக் காசு வந்துவிட்டது. மிச்சம் வரும் என்கிறார்கள். வந்தால் உடனே போடுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் ஏன் வரவில்லை என்று ஊரில் பேசுகிறார்களாம். அக்கா சொன்னாள். உங்களுக்கு விவரம் தெரிந்திருக்கட்டும். இந்த வருஷம் ஜூலை 1-லிருந்து இங்கே புதுச் சட்டம். கம்பெனி விசாவில் இருக்கிறவன் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டுமானால் எக்ஸிட் பெர்மிட் வேண்டும். நாம் போனில் சஹேல் என்கிற ஆப்பில் விண்ணப்பம் போட வேண்டும், கம்பெனி ஒப்புதல் கொடுக்க வேண்டும். அத்தான் போன் பண்ணின ராத்திரியே போட்டுவிட்டேன். ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் லீவில் இருந்தார். அவருக்குப் பதில் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெர்மிட் கைக்கு வருவதற்குள் அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். "டிக்கெட் காசை ஆஸ்பத்திரிக்குக் கட்டு, நீ இப்ப வந்து என்ன செய்யப் போற" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அது நியாயமான பேச்சு. ஆனாலும் அந்த நாட்களில் மாடியில் நின்று வேலை பார்த்தபோது, கர்த்தர் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று நாம் சின்ன வயசிலிருந்து படித்த பாடம் எனக்கு நாக்கில் வரவில்லை. ஜெபம் என்று சொன்னால், "ஆண்டவரே, அப்பா" என்கிற இரண்டு வார்த்தைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நாம என்ன குறை வச்சோம், ஏன் நமக்கு இப்படி?" என்று கேட்டீர்கள். நம் வீட்டில் குடும்ப ஜெபம் குறைந்துபோய்விட்டது, அதனால்தான் என்று பெரியம்மா சொன்னார்களாம். ஜெப வீட்டுக்காரர் ஒருவர் வந்து, மாத்திரை சாப்பிடுகிறவரை விசுவாசம் முழுமையில்லை என்றாராம்.

அம்மா, பெரியம்மாவை நான் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டேன், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஆனால் இந்தப் பேச்சுக்கு ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார். லூக்கா பதிமூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

எனக்கு அந்த அதிகாரம் புரிந்தது போன வருஷம். இங்கே மங்காஃப் என்கிற ஏரியாவில் 2024 ஜூன் 12 விடியற்காலையில் தொழிலாளிகள் தங்கியிருந்த கட்டடம் ஒன்று எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு நீங்கள் எனக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். கீழ்த்தளத்தில் கரண்ட் ஷார்ட் ஆகிப் பிடித்த தீ. தூக்கத்தில் இருந்தவர்களை நெருப்பைவிடப் புகைதான் அதிகம் கொன்றது. நம் நாட்டுக்காரர்கள் மட்டும் குறைந்தது 45 பேர், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர். விமானப்படை விமானத்தில் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு மாற இருந்தாராம், கடைசி நேரத்தில் மாறவில்லையாம், கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை, உயிர் தப்பினவன் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் செத்தவர்களின் வீடுகளிலும் அம்மாக்கள் முழங்கால் போட்டிருக்க மாட்டார்களா? யார் யாரைப் பிரியம் என்று கர்த்தர் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒரு தீ விபத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்தக் கணக்கில் அவர் கொடியவராகத்தான் வருவார். அதனால் அந்தக் கணக்கே தப்பு என்று விட்டுவிட்டேன். நம் வீட்டில் நடந்ததற்கும் அதே நியாயம்தான். அப்பாவின் வலது கை விழுந்துபோனதில் கர்த்தர் இன்ன செய்தி சொல்கிறார் என்று யார் வந்து சொன்னாலும், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் அவர் ஆளுகிறார் என்று நீ நம்பவில்லையா என்று கேட்பீர்கள். நம்புகிறேன் அம்மா. அண்ணன்மார் குழியில் போட்டு, பிறகு விற்கப்பட்ட யோசேப்பின் கதையை அப்பா எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்று யோசேப்பு அண்ணன்மாரிடம் சொல்கிற இடம் வரும்போது அப்பாவுக்குக் குரல் கம்மிவிடும். இந்தக் கோடையில் மறுபடியும் படித்தேன். அதை யோசேப்பு சொல்வது ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில், தகப்பனையும் அடக்கம் பண்ணின பிறகு. குழிக்குள் கிடந்தபோது அவன் அதைச் சொல்லவில்லை. குழியில் அவன் கெஞ்சினான் என்று அண்ணன்மாரே பிறகு ஒத்துக்கொள்கிறார்கள். ஜெயிலில் கூட இருந்து விடுதலையான ராஜாவின் பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன பிறகு இன்னும் இரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தான், அந்த இரண்டு வருஷத்தில் கர்த்தர் வந்து விளக்கம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. கடைசியில் அவன் சொன்னதை, குழியில் கிடக்கிறவனிடம் முதல் நாளே போய்ச் சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நீங்கள் இப்போது அழுகிறீர்கள் என்றால் அது அவிசுவாசம் இல்லை. அழுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இது முக்கியம். பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. டாக்டர் நிறுத்தச் சொல்கிறவரை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். ஜெப வீட்டுக்காரர் மறுபடி வந்தால், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டுங்கள். எத்தனையோ பேரைச் சுகமாக்கின பவுல், துரோப்பீமு வியாதியாய் இருந்ததால் அவனை மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் எழுதவில்லை. பவுலோடு கூடப் போன லூக்காவும் வைத்தியன்தானே.

இங்கே கோயில் எப்படி என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சரியாகச் சொன்னதே இல்லை. வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். சிட்டியில் ஒரே சுற்றுச்சுவருக்குள் நேஷனல் இவாஞ்சலிக்கல் சர்ச் என்று இருக்கிறது. ஒரு ஹாலில் தமிழ் ஆராதனை முடியும்போதே வாசலில் அடுத்த மொழிக்காரர்கள் காத்து நிற்பார்கள். அரபி, மலையாளம், தெலுங்கு, நேபாளி, பிலிப்பைன்ஸ்காரர்கள், எத்தியோப்பியாக்காரர்கள். கொஞ்சம் இழுத்துப் பாடினால் கதவைத் தட்டிவிடுவார்கள், நம்ம ஊர்க் கீர்த்தனையை அவசரமாகப் பாடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. இந்தச் சபையின் போதகர் இமானுவேல் கரீப் குவைத் குடிமகனே. 1999-ல் குருப்பட்டம் பெற்றவர். நம் மெஞ்ஞானபுரத்துக்கு மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் வந்த மாதிரி, இங்கே அமெரிக்க மிஷன் டாக்டர்கள் வந்து 1914-ல் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். 1967-ல் அதை மூடிவிட்டார்கள், கட்டடம் இன்றும் கடலோரத்தில் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். அப்பாவுக்குப் போட்டோ அனுப்புகிறேன்.

அங்கே ராமநாதபுரத்துப் பக்கத்து அக்கா ஒருவர் வருவார். ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார், மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் விடுவார்களாம். ஜூலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன தம்பி என்றார். சொன்னேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அப்பா பேரை எழுதிக்கொண்டார். எந்தக் கை என்று கேட்டு அதையும் எழுதினார். அடுத்த மாசம் வந்தவர் கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, "வலது கை எப்படி இருக்கு, விரல் அசையுதா?" என்று கேட்டார். விரல் அசைகிறது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் அவரிடம் சொல்ல முடிந்தது. கர்த்தர் நல்லவர் என்று நான் இந்த வருஷம் மனசார நினைத்தது அந்த இடத்தில்தான். அந்த அக்காவுக்கு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பா கோயிலுக்குப் போக வெட்கப்படுகிறார் என்று அத்தான் சொன்னார். வாய் கோணியிருப்பதால், நற்கருணைக்கு வலது கையை நீட்ட முடியாததால். இடது கையை நீட்டட்டும் அம்மா, அதில் என்ன இருக்கிறது? எழுந்து போக முடியாவிட்டால் ஐயரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்பா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார். அறுப்பின் பண்டிகைக்கு அப்பா கண்டிப்பாகக் கோயிலில் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு அத்தானிடம் பேசிவிட்டேன், காசு நான் அனுப்புகிறேன், பின்சீட்டில் நீங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் உட்காருங்கள்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையும் சாயங்காலமும் செய்ய வேண்டும். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்குவது, பஞ்சு உருண்டையை அமுக்குவது. அக்கா மகனை எண்ணச் சொல்லுங்கள், அவன் எண்ணினால் அப்பா ஏமாற்ற மாட்டார்.

பார்சலில் நிடோ டப்பா இரண்டு, கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், அப்பாவுக்கு அகலமான கைப்பிடி வைத்த ஸ்பூன் இருக்கிறது. டேங் பாக்கெட் பிள்ளைகளுக்கு. பேரீச்சம்பழத்தில் பாதியைப் பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். பெர்மிட் வந்ததும் போன் பண்ணுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
சின்னவன்