அயல்மொழி மன்றத்துக்கு நேரமும் பஸ்ஸும் வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஊத்துக்குளி வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: பள்ளி அயல்மொழி மன்றம் புதன்கிழமைகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதியும், மாலை நேர டவுன் பஸ் மாற்றமும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து அயல்மொழி மன்றம் ஒன்றை நடத்துகிறார்கள். சனிக்கிழமை காலையில் ஜெர்மன் படிப்பார்கள். புதன்கிழமை எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்திலிருந்து ஜெர்மனியில் உள்ள ஒரு பள்ளியின் மாணவர்களோடு காணொளியில் பேசுவார்கள். ஜூன் மாதம் கலகலப்பாகத் தொடங்கும் மன்றம் நவம்பர் வந்ததும் படுத்துவிடுகிறது. சொல்லித்தர ஆள் இருக்கிறது, உதவ கம்பெனி இருக்கிறது. நேரமும் பஸ்ஸும்தான் ஒத்து வருவதில்லை.

ஜெர்மன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரில் பதில் சொல்வது சுலபம். இங்கே வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போகிறார். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருக்கும் அம்மாக்கள், வீணாகிப் போன வாஷ்கேர் லேபிள்களைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார்கள். விரல் நீளத் துணியில் ஏழெட்டு மொழிகளில் துவைக்கும் முறை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பிள்ளைகள் அவற்றை நோட்டில் ஒட்டி, ஜெர்மன் வரி எது என்று தேடிப் பிடித்து, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வாசிக்கப் பழகினார்கள். புத்தகம் அப்புறம்தான் வந்தது. சொல்லித்தருபவர் இதே பள்ளியில் படித்து, கோவையில் ஜெர்மன் பயின்று, இப்போது ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவராக இருப்பவர். இதுவரை ஒரு பைசா வாங்கியதில்லை.

எல்லோரும் மெர்ச்சண்டைசர் ஆகப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். நர்சிங் படிக்க நினைக்கும் பெண்கள் இந்த மன்றத்தில் நிறைய. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற பெரும்பாலும் பி2 நிலை வரை மொழி தேற வேண்டும். ஏ1-இல் தொடங்கும் ஆறு நிலைகளில் அது நான்காவது. நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. படிப்பை முடித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் முதல் எழுத்திலிருந்து தொடங்குவதைவிட, பதினைந்து வயதிலேயே நாக்கு பழகிவிட்டால் பாதிச் சுமை குறையும்.

இனி நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியில் உள்ள அந்தப் பள்ளியின் ஆசிரியை எங்களுக்கு ஒதுக்கியிருப்பது புதன்கிழமை அவர்கள் நேரப்படி பகல் 12 மணி முதல் முக்கால் மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னே வைப்பார்கள். அதனால் ஜூன் முதல் அக்டோபர் வரை அவர்களின் பகல் 12 மணி நமக்கு மாலை 3.30. நவம்பர் முதல் மார்ச் வரை அதுவே 4.30. முதல் பாதியில் கடைசிப் பாடவேளையை விட்டுத்தர வேண்டும். தலைமை ஆசிரியர் பெரிய மனதோடு அதற்குச் சம்மதித்துவிட்டார். சிக்கல் இரண்டாம் பாதியில்தான். பள்ளி 4.10-க்கு விட்டுவிடும், ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். பேசி முடிக்க 5.15 ஆகும். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் 4.40-க்குப் போனால் அடுத்தது 6.30-க்குத்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் இருப்பவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. மார்கழியில் ஆறரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். "ஏனுங்க, பொம்பளப் புள்ளைய இருட்டுல எப்படிங்க உட்டுட்டு இருக்கறது?" என்று தாய்மார்கள் கேட்பதில் என்ன தப்பு? போன நவம்பரில் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வள்ளி கும்மி ஆடிக் காட்டச் சொல்லி அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டபோது, இங்கே ஆடத் தெரிந்த ஒருத்தியும் இல்லை. மூன்று பையன்கள் கணினி மேசைகளுக்கு நடுவே ஆடி ஒப்பேற்றினார்கள்.

ஆய்வகத்தைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க அனுமதி கேட்டு முறைப்படி எழுதினோம். "மேலிருந்து உத்தரவு வரவில்லை" என்று வாய்வார்த்தையாக ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். இப்போதுள்ள தலைமை ஆசிரியர் நல்லவர் என்பதால் வண்டி ஓடுகிறது. நாளை அவருக்கு மாறுதல் வந்தால் வருபவர் என்ன சொல்வாரோ என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. ஆகவேதான் எழுத்திலேயே ஓர் ஆணை கேட்கிறோம்.

முளையிலேயே தெளிவுபடுத்த வேண்டிய ஒன்றும் உண்டு. இது மூன்றாவது மொழிப் பாடம் இல்லை. 1968 முதல் தமிழ்நாடு கடைப்பிடிக்கும் இருமொழிக் கொள்கையை இந்த மன்றம் தொடவே இல்லை. தேர்வு, மதிப்பெண், கட்டாயம் எதுவும் கிடையாது. விரும்பியவர் வரலாம், பிடிக்காவிட்டால் போகலாம். இலக்கிய மன்றம், வானவில் மன்றம் போல இதுவும் ஒரு மன்றம், அவ்வளவே.

வெளிநாட்டுப் பள்ளி என்றதும் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் வரும், வரத்தான் வேண்டும். பேசுவது ஆய்வகக் கணினியில் மட்டும், ஆசிரியர் ஒருவர் உடனிருக்க. பிள்ளைகளின் செல்போன் எண்ணோ வீட்டு முகவரியோ அந்தப் பக்கம் போவதில்லை.

மன்றம் வந்த பிறகு பள்ளிக்குள்ளேயே ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே தமிழ் வழியில் படிக்கிறார்கள். முன்பெல்லாம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பார்கள். புது மொழி பழகும் இடத்தில் எல்லோரும் தடுமாறுவதால் அவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போனது. பொங்கலுக்குப் பள்ளி வாசலில் நம் பிள்ளைகள் புள்ளி வைத்துக் கோலம் போட, ஒடிசாப் பிள்ளைகளில் ஒரு பெண் அரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்து, விரலால் தொட்டு நெற்கதிர்களும் லட்சுமியின் பாதங்களும் வரைந்தாள். அவர்கள் ஊர்க் கணக்கில் வரும் மார்கசிர மாதத்தில் வியாழன்தோறும் வீட்டு வாசலில் அப்படித்தான் வரைவார்களாம். அந்தப் படத்தைத்தான் அந்த வாரம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். இன்னொரு முறை சென்னிமலையை அடுத்த கொடுமணலுக்குப் போய்வந்து, நொய்யல் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணி செய்து வெளியூருக்கு விற்ற கதையைத் தட்டுத்தடுமாறி ஜெர்மனிலேயே சொன்னார்கள். பானை ஓட்டில் தமிழி எழுத்தில் வடபுலத்துப் பெயர்களும் இருக்கின்றன என்று ஒரு பையன் சொன்னதும், அந்தப் பக்கம் கேள்வி மேல் கேள்வி.

எங்கள் கோரிக்கை இதுதான். புதன்கிழமைகளில் ஜூன் முதல் அக்டோபர் வரை கடைசிப் பாடவேளையையும், நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 5.15 வரை ஆய்வகத்தையும் மன்றத்துக்கு ஒதுக்கி, முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக எழுத்துப்பூர்வ ஆணை வழங்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை புதன்கிழமை மட்டுமாவது 6.30 பஸ்ஸை 5.30-க்கு மாற்றி இயக்க போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். பஸ்தான் முதலில் வேண்டும். ஆணை வந்து பஸ் வராவிட்டால் ஆய்வகத்தில் பையன்கள் மட்டும்தான் இருப்பார்கள். சொல்லித்தருபவருக்கு மதிப்பூதியம் தர உள்ளூர் ஏற்றுமதி நிறுவனமொன்று முன்வந்திருக்கிறது. அதை அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகப் பெற்றுக்கொள்ளவும் ஒப்புதல் வேண்டுகிறோம்.

மேலாண்மைக் குழுத் தீர்மான நகலையும் பெற்றோர் கையொப்பங்களையும் இணைத்துள்ளோம். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்பாக ஆணை கிடைத்தால் இந்த ஆண்டே பெண் பிள்ளைகள் நிற்காமல் வருவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்