க்ளேயின் நகல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் பிறந்த நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஓவியர் பால் க்ளேயின் ஓவியங்களை நூலில் வரைந்தவர்' என்று ஒரு வரி. தறி தெரிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆல்பர்ஸ் படித்த ஜெர்மன் கலைப்பள்ளியான பௌஹவுஸின் நெசவுக்கூடத்தில் க்ளே வடிவ வகுப்பு எடுத்ததே 1927 வாக்கில்தான். ஆல்பர்ஸின் பேர்பெற்ற சுவர்த்துணிகள் சில 1925, 1926-லேயே வந்துவிட்டன. க்ளேயை அவர் கொண்டாடினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணிகளின் வண்ணக் கட்டங்கள் தறியில் பிறந்தவை.

சாதா நெசவில் சிவப்புப் பாவில் (நீள இழை) கறுப்பு ஊடை (குறுக்கிழை) ஓட்டினால் இரண்டும் கலந்து மங்கலாகத்தான் தெரியும். கலப்பில்லாத சிவப்புக் கட்டம் வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு விழும் இரட்டைத் துணி நெய்ய வேண்டும். பாவில் சிவப்பும் கறுப்பும் ஓரிழை விட்டு ஓரிழை. பாவிழைகளைத் தூக்கும் விழுதுச் சட்டம் அடுக்குக்கு இரண்டாக நான்கு. நிறம் மாற வேண்டிய இடத்தில் மேலடுக்கு கீழே போகும், கீழடுக்கு மேலே வரும். நான்கு சட்டத்தில் அகலம் முழுக்க ஒரே நிறப் பட்டைதான் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் கட்டம் விழ எட்டுச் சட்டம் வேண்டும், இல்லையேல் குச்சியால் இழை பொறுக்க வேண்டும். இழை நெருக்கத்தில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். சாதாத் துணிக்கு அங்குலத்துக்கு 40 இழை என்றால் இதற்கு 80. நாற்பதே போட்டால் ஒவ்வோர் அடுக்கும் சல்லடை. ஓரிழை தப்பித் தூக்கினாலும் இரண்டு அடுக்கும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் என்பதால் அறுத்து எடுக்கும்வரை கண்ணில் படாமலே போகலாம்.

இந்த வித்தையை இடுப்பில் கட்டும் தறியிலேயே செய்தவர்கள் பண்டைப் பெருவின் நெசவாளர்கள். தம் 1965-ஆம் ஆண்டு நெசவு நூலை ஆல்பர்ஸ் அவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார், ஆசான்கள் என்று சொல்லி. கட்டுரையாளர் அதை 'நாட்டுப்புறக் கலையின் எளிமை' என்கிறார். அந்த இழைக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் எளிமை என்ற சொல் வாயில் வராது. 1936-இல் ஆல்பர்ஸ் நெய்த 'பண்டைய எழுத்து'ம் அந்த வழியில் வந்ததே. அடி ஊடை கரைக்குக் கரை ஓட, கூடுதல் இழை வேண்டிய இடத்தில் மட்டும் மிதக்கும். நம் சேலைகளில் வரும் புட்டாவுக்கு ஒன்றுவிட்ட உறவு.

1930-இல் பௌஹவுஸ் பட்டத்துக்காக, ஜெர்மனியின் பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளி அரங்குக்கு ஆல்பர்ஸ் நெய்த துணி பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. முன்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கச் செலோஃபேன், பின்பக்கம் எதிரொலியை விழுங்கப் பஞ்சுபோல் மயிர்த்த செனில் நூல். இதற்கு எந்த ஓவியத்தை முன்மாதிரி என்பார் கட்டுரையாளர்?

இப்படிக்கு,
நெசவுப் பயிற்சியாளர், காஞ்சிபுரம்