அமெரிக்காவின் ஆஷ்வில்லில் இருக்கும் மகளுக்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று நீங்கள் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த படங்கள் எல்லாம் வந்தன. அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மேலத் தெரு அத்தை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை இளைச்சுப் போயிருக்கே" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் கேட்டால் "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி இதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவான். நிதானமாகப் படித்துப் பதில் போடு.

இங்கே ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. நமக்கு மழையோடு போயிற்று. வயலில் நின்ற தண்ணீரும் வடிந்துவிட்டது. விழுப்புரம், கடலூர்க்காரர்கள்தான் பாவம். எங்களைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. சித்தப்பா வீட்டு விசேஷம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வேறு சேதி இல்லை.

உங்கள் ஊர்ப் புயலைப் பற்றித்தான் ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹெலீன் புயல் 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரை ஏறியது. நீ இருப்பதோ கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரத்தில். மலை ஊருக்குப் புயல் வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்திருக்கிறது. அதன் மேல் புயலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறிக் கொட்டியிருக்கிறது. சரிவுகளில் விழுந்த தண்ணீரெல்லாம் பள்ளத்தாக்குக்குத்தானே வரவேண்டும்? ஃபிரெஞ்ச் பிராட் ஆறும் ஸ்வானனோவா ஆறும் 1916-இல் வந்த பெரிய வெள்ளத்தின் அளவையும் தாண்டி ஓடின என்று போட்டிருந்தார்கள். வரைபடத்தில் இரண்டு ஆறும் சேரும் இடத்தைப் பார்த்தேன். அப்படியே உன் தெருவையும் தேடிப் பார்த்தேன். ஆற்றுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான் தெரிகிறது. உன் வீடு மேட்டில் இருக்கிறது என்று சொன்னாய். சரி. வரைபடத்தில் மேடு பள்ளம் தெரியாதுதான்.

மன்னா உணவு வங்கியின் கிடங்கே வெள்ளத்தில் போய்விட்டது என்று படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பதினாறு மாவட்டங்களுக்கு அங்கிருந்துதான் சாப்பாட்டுச் சாமான் போகுமாம். சிவில் சப்ளை குடோனிலேயே காலம் தள்ளியவன் நான். நனைந்த தானியம் இரண்டே நாளில் என்ன நாற்றம் நாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சில நாட்களிலேயே வேறு இடம் பிடித்து மறுபடி சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்றால், அந்த மனுஷர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அவர்களோடெல்லாம் சேர்ந்து நீயும் வேலை செய்கிறாய் என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? முட்டை உடைத்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிற பிள்ளை, வான்கோழித் தட்டுகளை மூடி அடுக்கிக்கொண்டு நிற்கிறாய்.

உங்கள் குழு பச்சையாகக் கொடுக்காமல் சமைத்துக் கொடுத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. உறைந்த வான்கோழியை ஒரு குடும்பத்திடம் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆறு கிலோ பறவை என்றால் குளிர்பெட்டியில் வைத்து உறைவு இளகவே மூன்று நாள் ஆகுமாம். அப்புறம் மணிக்கணக்கில் அடுப்பு எரிய வேண்டும். வண்டி வீட்டிலும் கூடாரத்திலும் விடுதி அறையிலும் இருப்பவர்களுக்குக் குளிர்பெட்டி ஏது, அடுப்பு ஏது? பண்டிகைச் சாமான் வாசலில் கிடக்க, பண்டிகை இல்லாமல் போயிருக்கும். வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், பீன்ஸ், பூசணி இனிப்பு எல்லாம் அப்படியே எடுத்துச் சாப்பிடும்படி கொடுத்தீர்கள் பார், அதில்தான் யோசனை இருக்கிறது. ஒன்று மட்டும். சூடாகக் கொடுக்கும் சாப்பாடு வழியில் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆறிப்போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொடுக்கவே கூடாது. மலைப்பாதையில் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து வண்டிகளைப் பிரியுங்கள். தூரத்து வீட்டுச் சாப்பாடு கடைசியில் வண்டி ஏறட்டும். வீட்டுக்கு இத்தனை பெட்டி என்று கணக்குப் போடாமல், அங்கே எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். இந்த மாதிரிச் சமயத்தில் ஒரு கூரைக்குக் கீழே மூன்று குடும்பம் இருக்கும்.

உன் படங்களில் கைகளும் பெட்டிகளும்தான் இருக்கின்றன, வாங்கியவர்களின் முகம் ஒன்றுகூட இல்லை. அதை நான் கவனித்தேன். நல்ல பழக்கம், விடாதே.

ஆனால் அந்த ஓடை விஷயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாலம் அடித்துக்கொண்டு போன ஓடையில் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தேன் என்று ஏதோ சாதாரணமாக எழுதியிருக்கிறாய். ஆரம்பத்தில் கோவேறு கழுதைகள் மேல் சாமான் ஏற்றிப் போனார்கள் என்றால் அந்த வழி எப்படி இருந்திருக்கும்! நாற்பதாம் எண் நெடுஞ்சாலையே பிஜன் ஆற்றுப் பக்கம் இடிந்து விழுந்திருக்கிறது. அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் சாப்பாடு போகத்தான் வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. கயிறு கட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லு. நாலு பேர் சேர்ந்து போங்கள். உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. இருட்டின பிறகு மலையில் வண்டி ஓட்டாதே. மாப்பிள்ளை வேலைக்காக அடுத்த மாநிலத்தில் இருக்கும்போது நீ இப்படிச் செய்தால் நாங்கள் இங்கே எப்படித் தூங்குவது?

குழாயில் குடிக்கிற தண்ணீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்ப வந்தது என்று படித்தேன். ஐம்பத்து மூன்று நாள். நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சேறாகிக் குழாய்களும் பிய்ந்து போயினவாம். அந்த நாட்களில் நீ ஒருநாள்கூடத் தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. "எல்லாம் இருக்குப்பா" என்றாய். நீ கூப்பிடும்போதெல்லாம் பின்னால் காரின் இருக்கை தெரியும், இல்லாவிட்டால் தேவாலயத்துக் கூடம் தெரியும். பேரன் விளையாடுகிற அந்த நீலத் தரைவிரிப்பைப் பார்த்து நாளாயிற்று. அவன் அதன் மேல்தான் தவழ்ந்தான் என்று அம்மா சும்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயம். ஃபீமா என்கிற அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாகம், இந்த ஹெலீன் புயலில் பாதித்த குடும்பங்களுக்கு உடனடிச் செலவுக்காக முதலில் 750 டாலர் கொடுக்கிறது. வாடகைக்கும் விடுதியில் தங்கவும் தனியாக உதவி உண்டு. விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாதாம். ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்காக அப்பாவோ அம்மாவோ விண்ணப்பிக்கலாம். பேரன் அங்கேதான் பிறந்தான். நீ சாப்பாடு கொடுக்கும் வீடுகளில் இப்படி யாராவது இருந்தால் எடுத்துச் சொல்லு. தெரியாமலேயே நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். தெரிந்தும் சிலர் கேட்கக் கூச்சப்படுவார்கள். கடைசித் தேதி ஒன்று இருக்கும், அதைத் தவற விடக் கூடாது. யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கஜா புயலுக்குப் பிறகு அம்மா என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியும். அடுத்த வாரம் நீயே வந்து பார்த்தாய். பள்ளிக்கூடத்து வரிசைக்கு வரவே மாட்டேன் என்றாள். ஓடு போன வீட்டில் உட்கார்ந்து கீழத் தெருவுக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ பார்க்காதது ஒன்று உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்த பையன்கள் நம் வாசலில் நின்று, "நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டாத்தான் நாங்க கிளம்புவோம்மா" என்றார்கள். அவள் அசையவில்லை. அவர்களும் அசையவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினாள். அதுவரை நடந்துகொண்டேதான் இருந்தாள். நீ அவள் வயிற்றில் பிறந்தவள், பாப்பா. அவளை மாதிரியே கொடுக்க மட்டும் தெரிந்தவளாக இருக்காதே. உங்கள் பட்டியலில் ஒரு பெட்டி உன் பெயருக்கும் இருக்கட்டும். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கும் இதே மாதிரி கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள் என்று தம்பி சொன்னான். செய்யுங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தேங்க்ஸ்கிவிங்கின்போது நிறையப் பேர் ஓடி வருவார்கள். நாளாக நாளாக ஆள் குறையும், பசி குறையாது, குளிரும் ஏறும். கூடாரத்திலும் வண்டியிலும் படுப்பவர்களிடம் கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்து மூடிக்கொண்டு தூங்க வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லு. அந்தப் புகையில் நாற்றமே இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். சாப்பாட்டோடு ஒரு போர்வையும் போகட்டும். ஒருவேளை நீயும் பேரனும் அப்படி ஏதாவது ஒரு இடத்தில் தங்க நேர்ந்தால் உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. இருட்டின பிறகு மலையில் வண்டி ஓட்டாதே.

அம்மா அப்பளமும் பருப்புப்பொடியும் பேரனுக்கு இரண்டு கம்பளிச் சட்டையும் எடுத்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை பார்சல் போடலாம் என்றிருக்கிறோம். போன மாதம் முகவரி கேட்டதற்கு, "அனுப்ப வேண்டாம்பா, இங்கே தபால் சரியா வர்றதில்ல" என்றாய். மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது என்று தம்பி விசாரித்துவிட்டான். பழைய முகவரியை நான் எழுதப் போவதில்லை. நீயும் குழந்தையும் இப்போது ராத்திரி எங்கே படுக்கிறீர்களோ, அந்த இடத்து முகவரியை அனுப்பு. ஆபீஸ் சிநேகிதி வீடானாலும் சரி, விடுதி ஆனாலும் சரி. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் பணமும் எடுத்து வைத்திருக்கிறேன், அதை எந்தக் கணக்கில் போடுவது என்றும் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வரவேண்டும்.

அப்பா