திங்கினேன்

அன்புள்ள மீனா,

நீ ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் பையனைப் பற்றி நேற்று போனில் அலுத்துக்கொண்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "அந்தப் பையனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குதும்மா. மூணு வாரமா அதே பியென்ஸோ, பென்ஸாமோஸ்!" போனில் பதில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வினை அட்டவணையைப் பார்த்தேன். கலர் கலராக அழகாகத்தான் போட்டிருக்கிறாய். சென்னையில் ஸ்பானிஷ் டியூஷன் எடுக்க ஆரம்பித்த வருஷம் நானும் அப்படித்தான் போட்டேன். ஒரு பெண்ணை, 'செய்' என்று பொருள்படும் 'ஆஸேர்' வினையின் இறந்தகாலத்தை இருபது தடவை எழுத வைத்தேன். ஒரு தப்பில்லை. அப்புறம் பேச்சுவாக்கில், நேற்று என்ன செய்தாய் என்று ஸ்பானிஷில் கேட்டேன். வீட்டுப்பாடம் செய்தேன் என்று சொல்ல வந்தவள், 'ஈஸே' என்பதற்குப் பதில் 'ஆஸி' என்றாள். எரிந்து விழுந்தேன். மறுவாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

அந்தப் பையனுக்குச் சிக்கல் மண்டையில் இல்லை, காதில். 'நினை' என்னும் 'பென்ஸார்' வினையில் குரலின் அழுத்தம் வேரில் விழுந்தால்தான் எகரம் 'இயெ' என்று உடையும்: பியென்ஸோ, நினைக்கிறேன். 'நாங்கள்' வரும்போது அழுத்தம் பின்னால் போய்விடுகிறது, எகரம் அப்படியே நிற்கிறது: பென்ஸாமோஸ், நினைக்கிறோம். 'என்னால் முடியும், எங்களால் முடியும்' என்னும் 'புவேதோ, பொதேமோஸ்' கதையும் இதுதான். ஸ்பானிஷின் தாயான லத்தீனின் குறிலில் அழுத்தம் விழுந்து உடைந்த பழைய தழும்பிலிருந்து வந்த பழக்கம் அது. தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னாலும் சொல் மாறாது. அப்புறம் அவனுக்கு எப்படிக் கேட்கும்? மேஜையைத் தட்டிக்கொண்டே சொல்லச் சொல். எங்கே ஓங்கித் தட்டுகிறானோ அங்கேதான் உடையும்.

இன்னொன்று. ஏழு 'சியெத்தே', எழுபது 'செதெந்தா'. அவனுக்கு எண்கள் தெரியும்தானே? அப்படியானால் இந்த விதி ஏற்கெனவே அவன் வாயில் இருக்கிறது. ஏழு எழுபதாகும்போது நம்மிடமும் நெடில் குறுகுகிறது, காரணம் வேறு என்றாலும். அதைச் சொல்லிப் பார், சிரிப்பான்.

இறந்தகாலத்தில் 'தூவே, எஸ்தூவே, அந்தூவே' மூன்றையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகக் கொடு. விதிப்படி வரும் 'அப்லே' (பேசினேன்) என்பதில் கடைசியில் தட்டுவான், இவற்றில் வேரில் தட்டுவான். 'நடந்தேன்' என்னும் 'அந்தூவே'யை ஸ்பெயின்காரர்களே சிலர் 'அந்தே' என்று விடுவார்கள். மத்ரித்தில் நீயே கேட்டிருப்பாய். அடிக்கடி வாயில் வராத சொல் சீக்கிரம் விதியின் வரிசையில் போய் நின்றுகொள்கிறது. தினமும் புழங்குவதுதான் பழைய முறுக்கோடு இருக்கிறது. 'ஃபுயி'க்கு மட்டும் எந்த வித்தையும் என்னிடம் இல்லை. 'போனேன்', 'இருந்தேன்' இரண்டுக்கும் அது ஒன்றுதான். சும்மா மனப்பாடம் பண்ணட்டும்.

தப்பு விட்டால் உடனே திருத்தாதே. ஸ்பானிஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளே, 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'ஸே' என்னாமல் 'ஸாபோ' என்னும். விதி பிடிபட்டுவிட்டது, விலக்குதான் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். உனக்கு மூன்று வயதில் தூங்கறேன் - தூங்கினேன், வாங்கறேன் - வாங்கினேன் எல்லாம் சரியாக வந்தது. அதே கணக்கில் திங்கறேனுக்கு, "அம்மா, நான் முறுக்கு திங்கினேன்" என்பாய். யாரும் உனக்கு அட்டவணை போடவில்லை. "எத்தனை தின்னே?" என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். "ரெண்டு திங்கினேன்" என்று விரலைக் காட்டுவாய். இது எத்தனை மாதம் ஓடியது என்று அப்பாவைக் கேள். முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்தது அவர்தான்.

அன்புடன்,
அம்மா