கோயில் பொருட்களுக்கு இலக்கமிட்ட திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத் திருப்பணி அறிக்கையில் கோபுரம், தச்சு வேலை, வர்ணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். இந்த முறை காட்டுவதற்குக் கட்டடம் எதுவும் இல்லை. பதினொரு மாதம் வேலை செய்து முடித்ததில் கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்னச் சீட்டுகளும் ஒரு தடித்த பதிவேடும்தான். "இதற்கா இவ்வளவு நாள்?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் அறிக்கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்தபோது களஞ்சிய அறையில் இருந்த எல்லாவற்றையும் மண்டபத்துக்கு மாற்றியது நினைவிருக்கும். கும்பாபிஷேகம் முடிந்து திரும்ப அடுக்கும்போது, பழைய பதிவேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அரை நாளில் எழுந்துவிட்டோம். பதிவேட்டில் "வெள்ளிச் செம்பு 1 (சிறியது)" என்று இருக்கிறது. எங்கள் முன்னால் சிறிய வெள்ளிச் செம்புகள் மூன்று இருந்தன. அதில் எது இது? மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? நிறை இல்லை, உயரம் இல்லை, கொடுத்தவர் பெயர் இல்லை.

அந்தப் பதிவேட்டை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அது 1986இல் எழுதியது. 1983 ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு பற்றி எரிந்தபோது நம் கோயில் நகைகளில் பாதி மூன்று வீடுகளில் அரிசிப் பானைக்குள்ளும் தலையணைக்குள்ளும் இருந்தது. அவை திரும்பி வந்தன. வந்தது முழுவதும்தானா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. அதற்கு முந்திய பதிவேடு போனது போனதுதான். நினைவில் இருந்ததை வைத்து அவர்கள் 471 வரி எழுதினார்கள். அதுவே பெரிய காரியம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். இப்போது 614 பொருட்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறோம். பழைய 471 வரிகளில் 44க்கு முதலில் பொருள் கிடைக்கவில்லை. அதில் 29, உருக்கிப் புதிதாகச் செய்யப்பட்டவையும் நைந்து கழிந்த பட்டுகளும். ஒன்பது வேறு பெயரில் கண் முன்னாலேயே இருந்தன. "தூக்கு விளக்கு" என்று எழுதியதைத் தூண்டாமணி விளக்கு என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? மீதி ஆறு இல்லை. நான்கு பித்தளை விளக்கு, ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு மோதிரம். பதிவேட்டில் இல்லாமலே நம்மிடம் இருந்தவை 178.

அந்த ஆறு பொருட்களைப் பற்றிக் குழுவில் நிறையப் பேசினோம். பொலிஸில் முறையிடலாம் என்றார் ஒருவர். சரி, என்னவென்று முறையிடுவது? "பித்தளை விளக்கு, நடுத்தரம்" என்றா? நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தக் கிண்ணம் நாளைக்கு இருந்தாலும், இது எங்களுடையது என்று காட்ட நம்மிடம் ஒரு படம்கூட இல்லை. இலக்கம் போடுவது திருடனைப் பிடிக்க அல்ல. பொருள் கைமாறிப் போனாலும் அதைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் என்பது எங்களுக்கு உறைத்த இடம் அதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து களவுபோன நடராஜரை அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2014இல் அந்த நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். இவர் அவர்தான் என்று ஒப்பிட்டுச் சொல்ல உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்த பழைய புகைப்படங்கள். நம்மிடம் சோழர் காலச் சிலை இல்லை. ஆனாலும் கிண்ணத்துக்கும் அதே விதிதானே.

எங்கள் மூத்த அங்கத்தவர் ஐயா ஒருவர் முதல் கூட்டத்திலேயே எதிர்த்தார். "சாமி பொருளுக்கு நம்பரா? மறியலில் இருக்கிற கைதிக்குப் போடுகிற மாதிரி?" என்றார். பதில் சொன்னவர் குருக்கள் ஐயாதான். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னதை எடுத்துக் காட்டினார். அங்கே பொன்னை நிறுக்க ஒரு கல்; அதற்கு ஆடவல்லான் என்று பெயர். நகை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று இன்னொரு கல். ஒரு நகையில் முத்து எத்தனை, நூலும் அரக்கும் சேர்த்து நிறை எவ்வளவு, ஒரு திருமேனி பாதம் முதல் கேசம் வரை எத்தனை விரல் உயரம், எத்தனை கை என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. ஐயா அதற்குப் பிறகு எதிர்க்கவில்லை. நகை நிறுக்கும் நாட்களில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

களவுபோன கலைப்பொருட்களை அடையாளம் காண உலகம் முழுக்க ஒரு மாதிரிப் படிவம் பாவிக்கிறார்கள். ஒப்ஜெக்ட் ஐடி என்று பெயர். அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் தொடங்கி 1997இல் வெளிவந்தது. படம், வகை, எதனால் செய்தது, அளவு, எழுத்தோ முத்திரையோ உண்டா, காலம், செய்தவர் யார் என்று போகும். எங்களுக்கு அதிகம் உதவியது "தனி அடையாளம்" என்ற பகுதி. நெளிவு, கீறல், ஒட்டு, மாற்றிப் பொருத்திய கல் இவைதான் ஒரு பொருளின் கைரேகை. 203ஆம் இலக்கக் குத்துவிளக்கின் அன்னத்துக்கு அலகு இடப்பக்கம் வளைந்திருக்கிறது. நாற்பது வருடம் எண்ணெய் விட்டவர்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. இன்டர்போல் 2021இல் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியும் வெளியிட்டிருக்கிறது; இதே வகை விபரங்களைக் கைபேசியில் பதியலாம். வீட்டில் பழைய பொருள் வைத்திருப்பவர்கள் பாவித்துப் பாருங்கள்.

இனி சீட்டு விடயம். இதில்தான் அதிகம் அடிபட்டோம்.

முதல் மாதம் கடையில் வாங்கிய ஸ்டிக்கர் ஒட்டினோம். கொழும்பின் கடற்காற்றும் ஈரப்பதமும் அதைப் பார்த்துச் சிரித்தன. போதாததற்கு வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு விளக்குத் தேய்க்கும் நம் அம்மாமாரின் கைக்கு முன்னால் எந்தப் பசை நிற்கும்? இரண்டு வாரத்தில் ஸ்டிக்கர் போய் அதன் பிசின் மட்டும் மிச்சம். அடுத்து வெள்ளித் தட்டுகளை அட்டையோடு சேர்த்து இறப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்தோம். இது முழுக்க எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். இறப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். ஒரு மாதத்தில் ஒவ்வொரு தட்டிலும் பட்டி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதைப் போக்கப் பட்ட பாட்டை எழுதினால் அறிக்கை முடியாது.

அதன் பிறகுதான் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்தோம். கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கும் நாலு பேராகப் போய்வந்தோம். பொலன்னறுவையில் 1907-08 அளவில் அகழ்ந்தெடுத்த சிவாலயத்து வெண்கலச் சிலைகள் அங்கே இருப்பது பலருக்குத் தெரியும். அந்த நடராஜர் முன்னால் நின்றபோது இலக்கத்தைப் பார்க்க வந்ததை நாங்களே கொஞ்ச நேரம் மறந்துவிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நூதனசாலைகளில் செய்யும் முறை எளிதானது. பாரலொயிட் பி-72 என்ற பிசினை அசற்றோன் என்ற கரைப்பானில் கரைத்து, பொருளின் அடியில் நகமளவு இடத்தில் மெல்லிதாகப் பூச வேண்டும். காய்ந்ததும் அதன் மேல் நிறம் மங்காத மையால் இலக்கம் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் அசற்றோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். பொருளில் ஒன்றும் படிவதில்லை. நகப்பூச்சு பூசினால் என்ன என்று ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் அது நாளடைவில் மஞ்சளாகி உரிந்துவிடும். வாகனங்கள், திருவாசி, வெள்ளிக் கவசத்தின் உட்புறம் எல்லாவற்றுக்கும் இந்த முறையையே செய்தோம்.

புளி படும் விளக்குக்கும் மடப்பள்ளிக் கிடாரத்துக்கும் அது நிற்காது. அதற்கு நம் ஊர் வழியே சரி: பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறார்களே, அதேபோல அடியில் இலக்கத்தை வெட்டிவிட்டோம். பழைய விளக்குகளை மட்டும் வெட்டவில்லை. அவற்றுக்கு இலக்கம் பொறித்த சிறு பித்தளைத் தகடு தண்டில் கோத்திருக்கிறது. பட்டுகளுக்கு வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல். குண்டூசி குத்தவே கூடாது. துருக்கறை பிடித்த மூன்று காஞ்சிபுரங்கள் அதற்குச் சாட்சி.

மூலவருக்கு இலக்கம் இல்லை. உற்சவர் திருமேனிகளிலும் எதுவும் எழுதவில்லை. படமும் அளவும் தனி அடையாளமும் பதிவேட்டில் உண்டு, இலக்கம் மரப்பீடத்தின் அடியில். இது குருக்கள் ஐயா போட்ட எல்லை. எங்களுக்கும் சம்மதம்.

இளைய அங்கத்தவர்கள் கியூஆர் குறி கேட்டார்கள். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்கச் செய்தது அது. கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும் வாசிக்கும் என்பது உண்மைதான். பெட்டிகளுக்கும் அலுமாரித் தட்டுகளுக்கும் ஒட்டியிருக்கிறோம். அதில் இலக்கம் மட்டுமே இருக்கிறது. கைபேசியைக் காட்டுகிற எவருக்கும் "பதக்கச் சங்கிலி, இத்தனை பவுண்" என்று சொல்கிற சீட்டு, திருடனுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் கடிதம். தொடாமலே இலக்கத்தை வாசிக்க உதவும் ரேடியோ சில்லும் ஒன்று வாங்கிக் கவசத்தில் வைத்துப் பார்த்தோம். வாசிக்கவே இல்லை. உலோகத்தின் மேல் சாதாரணச் சில்லு வேலை செய்யாதாம், அதற்கென்று தனி வகை வேண்டுமாம். விட்டுவிட்டோம்.

இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு பலகை. ஆறடி நீளம், வரிசையாகக் கொளுக்கி. நகைக்கடையில் கட்டுகிற மாதிரி ஒவ்வொரு நகைக்கும் நூலில் ஒரு சீட்டு. அலங்காரத்துக்கு நகை உள்ளே போகும்போது சீட்டைக் கழற்றிப் பலகையில் மாட்ட வேண்டும். நகை திரும்பினால் சீட்டு நகையோடு பெட்டிக்குப் போகும். இரவு நடை சாத்தும்போது பலகையில் ஒரு சீட்டும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். கணினி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

தொடங்கி மூன்றாவது வெள்ளிக்கிழமை, எல்லாம் முடிந்த பிறகும் ஒரு சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 112ஆ. அம்மனின் சோடித் தோட்டில் ஒன்று. கர்ப்பக்கிருகத்தில் தேடியாயிற்று, பட்டு மடிப்பில் தேடியாயிற்று. பிறகு ஒரு தம்பி நிர்மாலியக் கூடையைச் சாக்கில் கொட்டினார். வாடிய செவ்வரத்தைக்கு நடுவில் கிடந்தது தோடு. காலையில் அந்தக் கூடை முகத்துவாரத்தில் கடலுக்குப் போயிருக்கும். இதற்கு முன்னால் எத்தனை போயிருக்கும் என்று அன்றிரவு யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இலக்கம் பற்றி இன்னும் ஒன்று. வகைக்கு ஒரு எழுத்து, வருடம் என்றெல்லாம் வைக்காமல் ஒன்றிலிருந்து வரிசையாகப் போட்டிருக்கிறோம். சோடிக்கு அ, ஆ. ஒரு பொருள் தொலைந்தாலும் உருக்கினாலும் அதன் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது. பின்னால் வரும் சபைகள் இதை மாற்றாதிருக்க வேண்டுகிறோம்.

கணக்கு: அங்கத்தவர்கள் தந்தது 265,000 ரூபா. செலவு 247,850. இரும்பு அலுமாரி இரண்டுக்கு 148,000, தராசுக்கு 21,500, தகடும் வெட்டுக்கூலியும் 17,400, பாரலொயிட்டும் அசற்றோனும் 14,200, படம் எடுக்க விளக்கும் துணியும் 12,000, நாடா, நூல், பேனா, அட்டை 9,350, பதிவேடு கட்ட 6,800. தேநீர், சாப்பாடு 18,600. சீட்டுகளைவிடத் தேநீருக்குத்தான் கூட என்று பொருளாளர் எழுதச் சொன்னார், எழுதிவிட்டோம். மீதி 17,150 ரூபா கோயில் கணக்கில் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளை அலுவலகத்தில் பார்க்கலாம்.

பதிவேட்டின் ஒரு பிரதி அலுமாரியில், ஒன்று வங்கி லொக்கரில். படங்கள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில். நகைப் படங்களை வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். கேட்டவர்களுக்கு ஏற்கனவே மறுத்துவிட்டோம்.

உபயகாரர் பெயர் விடுபட்டவர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு வாருங்கள். பழைய படத்தில் ஒரு பொருள் தெரிந்தால், அது கலியாணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். காணாமற்போன கிண்ணத்தை அப்படி ஒரு படத்தில் காணலாம் என்று நம்பியிருக்கிறோம்.

கடைசியாக, 388ஆம் இலக்கம் எந்தப் பொருளுக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த இடத்துக்கு வந்த பஞ்சாராத்தியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கொழும்பிலுள்ள வேறொரு கோயிலின் பெயர் வெட்டியிருந்தது. எத்தனை திருவிழாவுக்கு அதில் தீபம் காட்டியிருக்கிறோமோ தெரியாது. தட்டில் பூ, பழத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு பித்தளை விளக்குகளை எடுத்து வந்தார்கள். அவற்றின் அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்களுடையவையா என்று இன்னும் முடிவாகவில்லை. அலுவலக மேசையில் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

செயலாளர்,
திருப்பணிக் குழு